கிட்டி, மனு, சட்டம்: ஜான் புரூஸ் நார்ட்டனை வாசித்தல்

1

செஞ்சி தாலுக்கா ஆபீசில் ஜமாபந்தி நடக்கிற நாட்களில், வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் வரும்படி உண்டு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வண்டிப்பாதைத் தகராறு எதுவானாலும் அவர்கள் கையில் ஒரு வாசகம் தயாராக இருக்கும். வந்தவர் கால்மணி நேரம் பேசுவார். அண்ணன்காரன் ஏமாற்றியது, செத்துப்போன பசுமாடு, மருமகள் சொன்ன சொல் எல்லாம் அதில் வரும். எழுதுகிறவர் 'ம், ம்' என்று கேட்டுக்கொண்டே ஆறு வரி எழுதிப் படித்துக் காட்டுவார். மனுதாரர் கைநாட்டு வைத்துவிட்டு, தான் சொன்னதுதானா இது என்ற சந்தேகத்தோடு வரிசையில் போய் நிற்பார்.

கால்மணி நேரப் பேச்சு ஆறு வரியாகிற இடத்தில் என்ன நடக்கிறது? மனு எழுதுகிறவரின் திறமை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை இது. பேச்சு மனுவாகி, மனு அறிக்கையாகி, அறிக்கை சட்டமாகிற நீண்ட பாதையின் முதல் படி. அந்தப் பாதை முழுவதிலும் தன் ஒரே ஆயுளில் நின்ற ஒரு மனிதரைப் பற்றி இங்கே எழுத நினைக்கிறேன். ஜான் புரூஸ் நார்ட்டன். 1842இல் சென்னைக்கு வந்த ஆங்கிலேய பாரிஸ்டர். 1854-55இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷனின் மூன்று உறுப்பினர்களில் ஒருவர். 1863 முதல் 1871 வரை அட்வகேட் ஜெனரல். அந்தப் பதவியின் வழியாகச் சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினர்.

'ஒரு வெள்ளைக்காரத் துரையப் பத்தி இப்போ என்னய்யா கட்டுரை?' என்று நண்பர்கள் கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். துரையின் பெருமைக்காக இதை எழுதவில்லை. நம்மில் பலரும் இன்று செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையை அவர் நமக்கு முன்பே செய்திருக்கிறார். அதில் அவருக்கு நேர்ந்தது நமக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது.

2

'வந்தேறி' என்ற சொல்லை இன்றைக்குத் தமிழ்நாட்டில் யார் யாரையோ நோக்கி எறிகிறார்கள். செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லை உச்சரிப்பதில் ஒரு சிரமம் இருக்கிறது. இந்தக் கோட்டையில் தெலுங்கு நாயக்கர்கள் இருந்தார்கள். 1677இல் சிவாஜி வந்தார். அவர் மகன் ராஜாராமைப் பிடிக்க முகலாயப் படை 1690 முதல் 1698 வரை கீழே கூடாரமடித்துக் கிடந்தது. 1750இலிருந்து 1761 வரை பிரெஞ்சுக் கொடி பறந்தது. அப்புறம் இங்கிலீஷ்காரன். செஞ்சியின் வீர நாயகன் தேசிங்கு ராஜாவே புந்தேல ராஜபுத்திரன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதுகூட, மராட்டியர் இராணுவ நிலவெளிகள் என்ற தலைப்பின்கீழ் மகாராஷ்டிரத்தின் பதினோரு கோட்டைகளோடு பன்னிரண்டாவதாகத்தான் சேர்த்தது. ஆகவே வந்தவனா, இருந்தவனா என்பது என் கேள்வி இல்லை. வந்தவன் எந்த நாற்காலியில் உட்கார்ந்தான், அந்த நாற்காலி அவனை என்ன செய்தது என்பதுதான் கேள்வி.

நார்ட்டன் 1815இல் பிறந்தவர். ஹாரோ பள்ளி, ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரி, லிங்கன்ஸ் இன் என்று அந்த வர்க்கத்துப் பிள்ளைகள் போகிற வழியிலேயே போனவர். தகப்பனார் சர் ஜான் டேவிட் நார்ட்டனுக்குச் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி வேலை கிடைத்தது, மகனும் கப்பலேறினார். (இவருக்கு முன்பே சென்னையில் ஜார்ஜ் நார்ட்டன் என்று இன்னொரு அட்வகேட் ஜெனரல் இருந்தார். இருவரையும் ஒருவராகவே எழுதிவிடுகிறவர்கள் உண்டு.) வந்த மறு வருஷமே சென்னை ஷெரீப். பிறகு சுப்ரீம் கோர்ட்டில் உத்தியோகம், பிராக்டிஸ், பிரசிடென்சி கல்லூரியில் சட்டப் பாடம்.

இதுவரைக்கும் ஒரு சாதாரண காலனியக் கதை. ஆனால் 1853இல் அவர் ஒரு புத்தகம் போடுகிறார். தென்னிந்தியாவில் கம்பெனிக் கோர்ட்டுகள் நீதி வழங்கும் லட்சணம் பற்றியது. சட்டமே படிக்காத சிவிலியன்கள் நீதிபதிகளாக உட்கார்ந்து எழுதிய தீர்ப்புகளை எடுத்துப்போட்டு, இவர்களா நீதிபதிகள் என்று கேட்கிறார். 1854இல், கம்பெனியை மேற்பார்வை செய்த போர்டின் செயலாளர் ராபர்ட் லோவுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் சென்னை மாகாணத்தின் நிலைமையைப் பட்டியல் போடுகிறார். 1857 கலகத்தின்போது, கம்பெனி ஊர் ஊராகச் சமஸ்தானங்களை விழுங்கியதன் பலன்தான் இது என்று புத்தகம் எழுதுகிறார். சும்மா சொல்லக்கூடாது, துணிச்சலான ஆள்.

இவருடைய மகன் எர்ட்லி நார்ட்டனும் பேர்பெற்ற வக்கீல். 1887 சென்னைக் காங்கிரசில் முன்வரிசையில் நின்றவர். அதே எர்ட்லிதான் 1908-09 அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்கு எதிராகச் சர்க்கார் தரப்பில் வாதாடினார். விடுதலையான அரவிந்தர் 1910இல் வந்து சேர்ந்தது நமக்குப் பக்கத்துப் பாண்டிச்சேரிக்கு. நல்ல வெள்ளைக்காரன், கெட்ட வெள்ளைக்காரன் என்று பிரித்துக்கொண்டு போனால் இந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஆளைவிட ஆள் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

3

சித்திரவதைக் கமிஷன் நார்ட்டனின் கருணையால் வந்ததில்லை. 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்நின்று தொடங்கிய சென்னை சுதேசிகள் சங்கம், வரி வசூலில் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்று லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1853இல் இங்கே வந்து சுற்றிப் பார்த்தார். 1854 ஜூலையில் பாராளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. கம்பெனியின் ஆட்கள் அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தார்கள். மறுத்தபின் விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட் எலியட், சிவிலியன் ஸ்டோக்ஸ், பாரிஸ்டர் நார்ட்டன் என்று மூன்று பேர். 1855 ஏப்ரலில் அறிக்கை.

கமிஷன் உட்கார்ந்தது சென்னையில். செஞ்சிப் பக்கத்துக் குடியானவன் ஒருவன் முறையிட வேண்டுமானால் 150 கிலோமீட்டர் போக வேண்டும். அதற்கும் மேலே தூரத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்தார்கள். வர முடியாதவர்கள் எழுதியனுப்பினார்கள். மொத்தம் 1,900க்கும் மேற்பட்ட முறையீடுகள். எங்கே போனாலும் நியாயம் கிடைக்காது என்று தெரிந்திருந்த ஒரு ஜனக்கூட்டம், ஒரு கதவு திறந்தது என்றதும் இப்படி வந்து நின்றிருக்கிறது. அந்த ரயத்துவாரி முறையில் தாசில்தாரே வரி வசூலிப்பவர். 1816 ஒழுங்குவிதிகளுக்குப் பிறகு அவரே போலீசும். எவனிடம் அடி வாங்கினானோ அவனிடமே போய்ப் புகார் சொல்ல வேண்டும்.

அறிக்கையில் வருகிற வதைகளைக் கொஞ்சமாவது சொல்லாமல் மேலே போக முடியாது. வெயிலில் குனிய வைத்து முதுகில் கல் ஏற்றுவது. சாப்பிடவிடாமல், வெளிக்குப் போகவிடாமல் நிறுத்தி வைப்பது. தலைமயிரைக் கழுதை வாலோடு, எருமை வாலோடு முடிச்சுப் போடுவது. கண்ணில் மிளகாய்த் தூள். வயிற்றின்மேல் வண்டை வைத்துச் சிரட்டையால் மூடுவது. எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது இரண்டு: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு குச்சி. நடுவில் விரலை வைத்து நெருக்குவார்கள். அண்ணாந்தாள், உடம்பை வளைத்துத் தலையைக் காலோடு சேர்த்துக் கட்டுவது. இத்தனையும் பெரும்பாலும் சில ரூபாய் கிஸ்தி பாக்கிக்காக.

தமிழ் படித்தவன் என்ற முறையில் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு விஷயம். முறையிட்டவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் பேசினார்கள். அறிக்கை அவர்களை ஆங்கிலத்தில் பேச வைக்கிறது. அவர்கள் மொழியில் மிஞ்சியவை என்று பார்த்தால் இரண்டு வகைச் சொற்கள்தான்: தாசில்தார், கர்ணம், மணியக்காரர் போன்ற பதவிப் பெயர்கள், கிட்டி, அண்ணாந்தாள் போன்ற வதையின் பெயர்கள். அதிகாரத்தின் பெயரும் வலியின் கருவியின் பெயரும் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருந்த மனிதனின் பேச்சு மட்டும் பெயர்க்கப்பட்டுவிட்டது.

இந்தச் சொற்கள் தாசில்தார் கச்சேரியில் பிறந்தவையும் இல்லை. நம் பையன்கள் ஆடுகிற கிட்டிப்புள்ளில் இருப்பதும் அதே கிட்டிதான். பிறர் கொல்லையில் மேய்கிற மாட்டின் கழுத்தையும் முன்னங்காலையும் சேர்த்துக் கட்டுவதை கிராமத்தில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார்கள் பிள்ளைகளுக்கு அண்ணாந்தாள் போட்டார்கள், கோதண்டத்தில் தொங்கவிட்டார்கள். மாட்டுக்குச் செய்வதைப் பிள்ளைக்குச் செய்து, பிள்ளைக்குச் செய்வதைக் குடியானவனுக்குச் செய்திருக்கிறோம். இந்தப் பக்கத்தை நம் தேசியவாத வரலாறுகள் எழுதுவதில்லை. எல்லாக் குற்றமும் கம்பெனியுடையது என்று முடித்துக்கொள்வது நமக்குச் சௌகரியம்.

கமிஷனுக்கு எதிர்ப்பக்கச் சௌகரியம். சித்திரவதை இருக்கிறது, மாகாணம் முழுக்க இருக்கிறது என்று மூன்று பேரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த அளவுக்கு நேர்மை. ஆனால் அடுத்த மூச்சிலேயே, ஜனங்கள் தங்கள் சொந்த நாட்டாரின் கொடுமையிலிருந்து காப்பாற்றும்படிதான் கேட்கிறார்கள், ஐரோப்பிய அதிகாரிகளிடம் அவர்களுக்குக் குறை இல்லை என்ற முடிவுக்கு வருகிறார்கள். அடித்த கை தெரிகிறது. இவ்வளவு தீர்வை, இந்தத் தேதிக்குள், விளைந்தாலும் விளையாவிட்டாலும் என்று போட்ட கை தெரிவதில்லை. 1857இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையைப் பற்றி எழுதிய மார்க்ஸ் இதைச் சரியாகப் பிடித்தார். சித்திரவதை ஆங்கிலேய இந்தியாவின் நிதி நிர்வாகத்தில் ஓர் ஏற்பாடாகவே இருக்கிறது என்பது ஒப்புக்கொள்ளப்படுகிறது, ஆனால் ஒப்புக்கொள்ளும் விதமே அரசாங்கத்தைக் காப்பாற்றுவதாக இருக்கிறது என்பது அவர் வாதம்.

4

மார்க்ஸும் பார்க்காத ஒன்று உண்டு. கமிஷன் கேட்ட கேள்வி, அரசு ஊழியர்கள் வரி வசூலிலும் போலீஸ் வேலையிலும் சித்திரவதை செய்கிறார்களா என்பது. அந்தக் கேள்வியின் நடுவில் நிற்பவன் பட்டா வைத்திருக்கிறவன், தீர்வை கட்டவேண்டியவன். பட்டாதாரனின் நிலத்தில் படியாளாக, பண்ணையாளாக வேலை செய்தவனுக்கு பாக்கி இல்லை. ஏனென்றால் அவன் பேரில் நிலம் இல்லை. அவனை ஆண்டை கட்டிவைத்து அடித்தால் அது சர்க்கார் வதை இல்லை, வீட்டு விஷயம். அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு கிடையாது என்று சொன்ன 1843ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அப்போது பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. காலையில் தாசில்தார் கச்சேரியில் கிட்டிக்கு விரல் நீட்டிய அதே குடியானவன், சாயங்காலம் சேரி ஆளின் முதுகில் என்ன செய்தான் என்று கேட்க அந்தக் கமிஷனில் இடம் இல்லை.

அதனால் அந்த 1,900 முறையீடுகளையும் அடித்தள மக்களின் குரல் என்று மொத்தமாகக் கொண்டாட என்னால் முடியவில்லை. குரல்தான், ஆனால் நிலம் உள்ளவனின் குரல். அதற்கும் கீழே இருந்தது, ஆவணத்துக்கு வெளியே இருந்தது.

5

இனி சட்டத்துக்கு வருவோம். கமிஷன் சுட்டிய முக்கியமான கோளாறு, வரியும் போலீசும் ஒரே கையில் இருப்பது. அதைப் பிரிக்க 1859இல் சென்னை மாகாணத்துக்கென்று போலீஸ் சட்டம் வந்தது, 24ஆம் எண். தமிழ்நாட்டில் இன்று நாம் போலீஸ் என்று சொல்கிற அமைப்பு பிறந்தது அங்கேதான். நிறுத்திப் படிக்க வேண்டிய இடம் இது. சித்திரவதையை ஒழிப்பதற்காகப் பிறந்த அமைப்பு அது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் அடுத்தடுத்து செத்தபோது நாம் யாரை நோக்கிக் கத்தினோமோ அதே அமைப்பு.

1860இல் இந்திய தண்டனைச் சட்டம் வந்தது. அதன் 330ஆம் பிரிவு, ஒப்புக்கொள்ளச் சொல்லியோ பொருளைக் கேட்டோ காயப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. அந்தச் சட்டத்தில் பிரிவுகளுக்குக் கீழே சின்னச் சின்ன உதாரணக் கதைகள் உண்டு. 330க்குக் கீழே ஒன்று: 'ஏ' என்பவர் வருவாய் அதிகாரி, 'இசட்' என்பவர் பாக்கி கட்டவேண்டியவர், அதை வாங்க 'ஏ' 'இசட்'டைச் சித்திரவதை செய்கிறார், 'ஏ' குற்றவாளி. அதோடு கதை முடிந்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 120ஆம் பிரிவின்கீழ் இந்தக் கதை இருக்கிறது.

1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்ற விதி அதில் வந்து, 1872 சாட்சியச் சட்டத்தில் 25, 26 பிரிவுகளாக நின்று, இன்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவாக இருக்கிறது. கூடவே அந்த ஓட்டையும் வந்துகொண்டேயிருக்கிறது. சொன்னதன்பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அது சம்பந்தப்பட்ட அளவுக்குப் பேச்சு செல்லும். பொருளை எடுத்துக் கொடுக்கும்வரை அடிக்கிற பழக்கத்துக்கு இந்த ஓட்டைதான் வாசல் என்பதை எந்த வக்கீலைக் கேட்டாலும் சொல்வார். சாட்சியச் சட்டம் பற்றிப் பாடம் நடத்திப் புத்தகமும் போட்டவர் நார்ட்டன். இந்தச் சட்டங்களை அவர் இயற்றவில்லை, அவை கல்கத்தாவில் ஆனவை. ஆனால் அவர் கையெழுத்திட்ட அறிக்கை இல்லாமல் அந்தக் காலத்து விவாதம் இல்லை.

அவர் உட்கார்ந்த சென்னை சட்டமன்றத்தில் ஆனது ஒன்று உண்டு: 1864ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம், சென்னையின் 2ஆம் எண். அட்வகேட் ஜெனரலாக அவர் அந்த அவையில் இருந்த வருஷங்கள் அவை. பாக்கி இருந்தால் எப்படி நோட்டீஸ் கொடுப்பது, எப்படி ஜப்தி செய்வது, எப்படி நிலத்தை ஏலம் போடுவது என்று அது வகைப்படுத்துகிறது. 48ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. சொத்தை விற்றும் பாக்கி தீரவில்லை, ஆள் வேண்டுமென்றே கட்டாமலிருக்கிறான் அல்லது மோசடி செய்கிறான் என்று கலெக்டர் நம்பினால் அவனைப் பிடித்துச் சிறையில் வைக்கலாம். அதிகபட்சம் இரண்டு வருஷம். இந்தப் பிரிவு செல்லும் என்று 1957இல் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. 'தமிழ்நாடு' என்று பெயர் மாற்றிக்கொண்டு இந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

1855க்கும் 1864க்கும் நடுவில் ஒன்பது வருஷம். சேவகன் கையிலிருந்த கிட்டி பிடுங்கப்பட்டது. பாக்கி அப்படியேதான் இருந்தது. விரலை நெருக்குவதற்குப் பதில் நிலத்தை ஏலம் விடலாம், ஏலமும் போதாவிட்டால் உடம்பைச் சிறையில் வைக்கலாம் என்று ஆனது. இது ஒன்றும் சின்ன மாற்றம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விரல் நசுங்கினவனிடம் போய், இரண்டும் ஒன்றுதான், வடிவம்தான் வேறு என்று நாம் தத்துவம் பேசக்கூடாது. நோட்டீஸுக்குப் பதில் சொல்லலாம், கிட்டிக்குப் பதில் சொல்ல முடியாது.

ஃபூக்கோவை நாம் படித்த விதத்திலும் இங்கே ஒரு திருத்தம் வேண்டும். 1757இல் பாரிசில் ஒருவனைப் பகிரங்கமாகச் சித்திரவதை செய்து கொன்ற காட்சியோடு தண்டனை பற்றிய தன் நூலைத் தொடங்குகிறார் அவர். பிறகு உடம்பின்மீதான பகிரங்க வதை போய் சிறையும் கண்காணிப்பும் வருகிறது என்று காட்டுகிறார். அந்த 1757இல் செஞ்சிக் கோட்டையில் பறந்ததும் அதே பிரெஞ்சு மன்னரின் கொடிதான். ஆனால் இங்கே ஒன்று போய் இன்னொன்று வரவில்லை. சட்டம் வந்தது, வதை ஊர் நடுவிலிருந்து ஸ்டேஷனின் பின்னறைக்குப் போனது. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, ஒன்றையொன்று தெரியாத மாதிரி.

6

எம்.ஏ. படிக்கும்போது தேசிங்கு ராஜன் கதையைக் கதைப்பாடல் என்ற தலைப்பில் படித்தேன். வீரம், நட்பு, உடன்கட்டை என்று குறிப்பெடுத்துப் பரீட்சை எழுதினேன். தேசிங்கு செத்தது எதற்காக என்று நான் யோசிக்கவில்லை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டார், தேசிங்கு கட்டவில்லை. 1714இல் நடந்த சண்டையின் அடியில் இருப்பது ஒரு பாக்கிக் கணக்கு. கட்டபொம்மன் கதையும் இதேதான். 'கிஸ்தி' என்ற சொல்லே நம் தலைமுறைக்கு சிவாஜி கணேசன் குரலில்தான் தெரியும். பாக்கி கட்டமாட்டேன் என்று சொல்ல முடிந்தவனுக்குக் கதைப்பாடல் கிடைத்தது. கதையில் நீலவேணி என்று குதிரைக்குக்கூடப் பெயர் இருக்கிறது. ராஜகிரியில் ஏறுகிறவர்கள் கீழே பெரிய பெரிய களஞ்சியங்களைப் பார்க்கிறார்கள். எவ்வளவு நெல் பிடிக்கும் என்று வியக்கிறார்கள். எவனிடமிருந்து வந்த நெல் என்று எந்தப் பாட்டும் பாடவில்லை. பாக்கி கட்ட முடியாமல் போனவனுக்குக் கிடைத்தது மனு. மனுவில் பெயரும் ஊரும் இருந்தன. அறிக்கையின் முடிவுரையில் அவன் வகைகளும் தொகைகளும் ஆனான். சட்டத்தில் 'இசட்' ஆனான்.

'இசட்' ஆவதில் நன்மை இல்லாமலில்லை. 'இசட்' யாராகவும் இருக்கலாம் என்பதால்தான் அந்தப் பிரிவு எல்லோருக்கும் பொருந்துகிறது. பட்டா இல்லாதவனும், கமிஷனின் கண்ணுக்குப் படாத சேரி ஆளும், இன்றைக்கு அந்த எழுத்துக்குள் புகுந்துகொண்டு வழக்குப் போட முடியும். பெயரை இழந்துதான் உரிமை கிடைக்கிறது. இந்த முரணை வெறும் அதிகாரச் சூழ்ச்சி என்று சொல்லிக் கடந்துவிட முன்பெல்லாம் எனக்கு முடிந்தது. இப்போது முடியவில்லை.

பெயர் போன இடத்தில் இன்னொரு பெயர் வந்து உட்கார்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வக்கீலின் பெயர். 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தை எடுத்துக்கொள்வோம். 1993இல் முதனை கிராமத்தில், நம் பழைய தென்னார்க்காட்டில், நடந்த காவல் மரணம் அதற்கு அடிப்படை. அசல் வழக்கில் செத்தவர் குறவர். படத்தில் இருளர் ஆனார். வழக்கை நடத்திய வக்கீலுக்குச் சந்துரு என்ற பெயர் மாறாமல் நின்றது, அவர்தான் கதாநாயகன். படத்தையோ, அந்த வழக்கை உண்மையாகவே நடத்திக் காட்டிய மனிதரையோ குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தப் படம் ஸ்டேஷன் பின்னறையை லட்சக்கணக்கானவர்களுக்குக் காட்டியது. ஆனால் துன்பத்தின் கதையைச் சொல்லப்போனால் அது வக்கீலின் கதையாகிவிடுகிற ஒரு வார்ப்பு நம்மிடம் இருக்கிறது. நானே இந்தக் கட்டுரையை நார்ட்டனின் ஹாரோ பள்ளிக்கூடத்திலிருந்துதானே ஆரம்பித்தேன்? அவர் எந்தக் கல்லூரி என்று எனக்குத் தெரிகிறது. கிட்டிக்கு விரல் கொடுத்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் இங்கே எழுதவில்லை.

7

முதலில் சொல்வதாகச் சொன்னதை இப்போது சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு காவல் நிலையத்தில் ஒரு பையனைத் திருட்டுக் கேஸ் என்று வைத்து அடித்த விவகாரத்தில், உண்மை அறியும் குழு ஒன்று போனது. எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பையனின் பாட்டியிடம் ஒரு மத்தியானம் பூராவும் பேசினோம். அவர் எங்கெங்கேயோ போனார். பையன் பிறந்த வருஷம் மழை இல்லாதது, ஆட்டுக்குட்டி விற்றுச் சட்டை வாங்கினது, ஸ்டேஷன் வாசலில் இரண்டு நாள் சோற்றுத் தூக்குடன் நின்றது, மூன்றாம் நாள் அந்தச் சோற்றை நாய்க்கு வைத்தது. நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

அறிக்கை பதினான்கு பக்கம் வந்தது. பின்னணி, கண்டறிந்தவை, பரிந்துரைகள். பையனின் பாதுகாப்புக் கருதி 'பாதிக்கப்பட்டவர்' என்று போட்டோம். பாட்டி 'பாதிக்கப்பட்டவரின் உறவினர்'. 1997இல் இந்தியா கையெழுத்திட்டு இன்றுவரை ஏற்புறுதி செய்யாத ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கை பற்றி ஒரு பத்தி எழுதியது நான்தான். குழு உறுப்பினர்களின் பெயர்கள் முதல் பக்கத்தில், பட்டங்களோடு.

கொண்டுபோய்ப் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், 'எல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி. நான் சொன்னது எங்க?' என்றார். நான் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, 'இதோ ஆயா, இங்க இருக்குது பாருங்க' என்று காட்டினேன். இரண்டு வரி. உறவினர் இரண்டு நாட்கள் காவல் நிலைய வாசலில் காத்திருந்ததாகத் தெரிவித்தார் என்று இருந்தது. 'அந்தச் சோத்தப் பத்தி இல்லையா?' என்று கேட்டார். இல்லை.

சோறு எந்தப் பரிந்துரைக்கும் ஆதாரமாகாது, அதனால் விட்டுவிட்டேன். அந்த அறிக்கை மனித உரிமை ஆணையத்துக்குப் போனது, கோர்ட்டில் வைக்கப்பட்டது, பையனுக்கு ஜாமீன் கிடைக்க அதுவும் ஓரளவு உதவியது. ஆகவே எழுதியது வீண் என்று சொல்லமாட்டேன். திரும்ப எழுதவேண்டி வந்தாலும் பின்னணி, கண்டறிந்தவை, பரிந்துரைகள் எல்லாம் இருக்கும். அவை இல்லாமல் கோர்ட் நம்மை உள்ளே விடாது. அந்த விஷயத்தில் நார்ட்டன் சரி.

ஆனால் அறிக்கையை ஆணையத்துக்கு மட்டும்தான் எழுத வேண்டும் என்று எவன் சொன்னான்? 1855 அறிக்கையில் மனுக்களும் சாட்சியங்களும் பின்னிணைப்பில் கிடக்கின்றன. யாரும் அங்கேபோய் நிற்பதில்லை, நானும் முடிவுரையைத்தான் முதலில் படித்தேன். அந்தப் பின்னிணைப்பைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். ஊர் பெயரோடு, ஆள் பெயரோடு, பாக்கித் தொகையோடு. தமிழில் பேசியது தமிழில் இல்லாமல் கிடக்கிறது. அதோடு, நாம் எழுதுகிற அறிக்கைகளில் அவர்கள் பேசியதை அவர்கள் அனுமதியோடு, அவர்கள் கேட்கிற பெயரில், முன்னால் வைக்க வேண்டும். நம் பெயர்கள் பின்னால் போகட்டும்.

பாட்டியின் பேச்சை எழுதின நோட்டு என்னிடம் இருக்கிறது. போன மாதம் அதை அப்படியே படியெடுத்துக்கொண்டு போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார். ஆட்டுக்குட்டி இல்லையாம், கிடாவாம். நாய்க்கு வைத்தது மூன்றாம் நாள் இல்லையாம், இரண்டாம் நாள் ராத்திரியே சோறு ஊசிப்போய்விட்டதாம். எழுதிக்கொண்டேன்.